ரசாயனம் தடவிய நோட்டும் 'டி-மென்' படமும்

ஜெயநகர்வாசி:
பெங்களூரில் லோகாயுக்தா (மாநில ஊழல் ஒழிப்பு அமைப்பு) லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்க வைத்த பொறி ஒன்றுக்கு, புகார்தாரர் கூடவே இருந்து பார்க்கும் நிழல் சாட்சியாகப் போனவன் நான். வேறு துறை அரசு ஊழியர்களைத்தான் இதற்குக் கூப்பிடுவார்கள், மாட்டேன் என்று சொல்வதும் கஷ்டம். பேப்பரில் 'கையும் களவுமாக' என்று ரெண்டு வரியில் முடிந்துவிடும். உள்ளே பார்த்தால் நோட்டு எண்களை ஒவ்வொன்றாக எழுதி, பினாப்தலின் பவுடர் தடவி, தொட்டவர் விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கிக் காட்டி (அப்படியே ரோஸ் மில்க் கலர்), இதையெல்லாம் பதிவு செய்த மகஜரில் கையெழுத்து வாங்கி என்று காலைப் பொழுதே போய்விட்டது. புகார்தாரரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: அதிகாரியாகக் கேட்டால் மட்டும் கொடு, நீயாக நீட்டாதே.

நான் 'சொந்தக்காரர்' வேஷத்தில் பக்கத்து நாற்காலியில். அந்த அதிகாரி எனக்கும் காபி சொல்லி, "நீங்க தமிழா? எங்க வீட்டம்மாவும் வேலூர்ப் பக்கம்தான்" என்றார். சிரித்தேன், வேறென்ன செய்ய? பணத்தை வாங்கி எண்ணாமல் ஃபைலுக்கு அடியில் தள்ளினார். என் முகமே காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம்தான் அப்போது.

அதனால்தான் 1947-இல் வந்த 'டி-மென்' என்னை உலுக்கியது. ஆந்தனி மான் இயக்கியது, ஈகிள்-லயன் என்ற சின்ன கம்பெனி. அதில் லஞ்சம் கிடையாது, கள்ளநோட்டு. அமெரிக்கக் கருவூலத் துறை ஆட்கள் இருவர் கும்பலுக்குள் வேஷம் போட்டு நுழைகிறார்கள். நடுநடுவே வரும் வர்ணனைக் குரல் அரசாங்க விளம்பரம் கேட்பது போல எரிச்சல். ஆனால் வேஷத்தில் இருப்பவரைத் தோழி அடையாளம் கண்டுகொண்ட பிறகும் அவர் மனைவி, இவர் என் புருஷன் இல்லை என்று சாதிக்கும் இடமும், கூட்டாளியைக் கண்முன்னே கொல்லும்போது டென்னிஸ் ஓகீஃப் முகத்தை அசைக்காமல் நிற்கும் இடமும் போதும்.

சிவாஜிநகர் குறும்படக்காரன்:
அண்ணா, ஒளிப்பதிவு ஜான் ஆல்டன். அதைச் சொல்லாமல் விட்டீர்களே! அந்த நீராவிக் குளியலறைக் கொலையைப் பாருங்கள். காசில்லாத இடத்தில் இருட்டுதான் செட். நாங்களும் மாடி ரூமில் ஒரே லைட்டைத் தரையில் வைத்து லஞ்சக் காட்சி எடுத்தோம். காரை பெயர்ந்த சுவர் தெரியவே இல்லை, வசனம்தான் சொதப்பல்.

அல்சூர் அக்கா:
எங்கள் வீட்டுக்காரரிடம் பட்டாவுக்கு லஞ்சம் கேட்டார்கள், கொடுத்தால் நம்மையும் உள்ளே தள்ளுவார்களோ என்று பயந்தே கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம். அப்புறம்தான் தெரிந்தது, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தப்படி கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் குற்றமில்லையாம். முன்கூட்டியே போலீசிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தாலும் அப்படித்தான்.

ஜெயநகர்வாசி:
சரிதான் அக்கா. ஆனால் கஷ்டமே அதற்கப்புறம்தான். கை ரோஸானால் மட்டும் போதாது, அவர் கேட்டார் என்பதை நிரூபிக்கணும். புகார்தாரர் சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சியானாலும் மற்ற சாட்சியங்களை வைத்து நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது, அதுவரை எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு அது பெரிய ஓட்டை. எங்கள் ஆள் பிறழவில்லை. வாய்தா நாளெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கோர்ட் வராந்தாவில் என்னைத்தான் திட்டுவார்.