எலித் தோல் காயத்தில் நிணநீர் நாளங்களை எண்ண லைவ்-1 (ஆன்டிபாடி நிறமேற்றிப் பார்க்கும் நிணநாளக் குறிப்பான் புரதம்) மட்டும் போதுமா?

செங்குழல்: போதும் என்பேன். 5 மைக்ரான் திசு வெட்டில் நுண் நிணநாளங்கள் பளிச்சென்று தெரியும். உட்துளையும் மெல்லிய சுவரும் இருந்தால் எண்ணுங்கள். தனிச் செல்லாக நின்றால் விட்டுவிடுங்கள்.

வெண்ணிணம்: காயத்தில்தான் லைவ்-1 காலை வாரிவிடும். அங்கே குவியும் மேக்ரோஃபேஜ்களில் (விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) ஒரு பகுதி லைவ்-1 காட்டும். நாலைந்து ஒட்டி நின்றால் குழாய் போலவே இருக்கும். அழற்சியில் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற சமிக்ஞைப் புரதம் ஏறினால் உண்மையான நாளத்தில் லைவ்-1 குறையும். நுண் நாளங்களிலிருந்து நிணநீரை வாங்கிச் செல்லும் சேகரிப்பு நாளங்களில் இயல்பாகவே குறைவு. இல்லாததை எண்ணி, இருப்பதை விடுகிறோம். இன்னொரு நிணநாளக் குறிப்பானான பிராக்ஸ்-1 கட்டாயம் வேண்டும்.

செங்குழல்: மேக்ரோஃபேஜுக்கு அதன் குறிப்பான் எஃப்4/80-ஐ மூன்றாவது நிறமாகப் போட்டுக் கழித்துவிடலாமே. பிராக்ஸ்-1 உட்கருவில் இருப்பது. நாளத்தின் உட்சுவரான எண்டோதீலியல் செல் தட்டையாக நீண்டது. மெல்லிய வெட்டில் பல நாளங்களின் உட்கரு தளத்துக்கு வெளியே போய்விடும். உங்கள் முறையில்தான் விடுபடுவது அதிகம்.

வெண்ணிணம்: அப்படியானால் வெட்டைத் தடிமனாக்குங்கள். 30 முதல் 50 மைக்ரான் உறைவெட்டு, செல் சவ்வில் துளையிட 0.3% ட்ரைட்டான், ஆன்டிபாடி 4 டிகிரியில் இரவு முழுக்க. "பிராக்ஸ்-1 வரவே இல்லை" என்ற புகார் பெரும்பாலும் ட்ரைட்டான் போதாததால்தான். லைவ்-1 செல்பரப்பில் இருப்பதால் ட்ரைட்டான் இல்லாமலும் நிறம் விழும். ஆனால் அது போதாவிட்டால் உட்கருவுக்குள் ஆன்டிபாடி போகாது. எஃப்4/80 கழித்தாலும் லைவ்-1 இழந்த நாளம் திரும்பி வராதே?

திசுமணி: மற்றொரு நிணநாளக் குறிப்பானான போடோபிளானினை நாடுவோர் கவனிக்க: அதற்கான ஆன்டிபாடிகளில் டி2-40 மனிதத் திசுவுக்கானது, எலிக்கு 8.1.1 குளோன். காய விளிம்புக் கெரட்டினோசைட்டுகளும் (மேல்தோல் செல்கள்) ஃபைப்ரோபிளாஸ்டுகளும் (இணைப்புத் திசு செல்கள்) போடோபிளானினைக் காட்டும். எண்டோதீலியல் குறிப்பானான சிடி31 இணையாமல் எண்ணாதீர்கள். நாள வளர்ச்சிக் காரணியின் ஏற்பியான விஇஜிஎஃப்ஆர்-3-ஐயும் தனியே நம்ப முடியாது, துளிர்க்கும் இரத்த நாள நுனியிலும் வரும்.

செங்குழல்: தடித்த வெட்டில் பிராக்ஸ்-1, சரி, ஏற்கிறேன். ஆனால் நிணநாள வளர்ச்சிக் காரணியான விஇஜிஎஃப்-சி கொடுத்து நாளம் கூடியதா என்று பார்க்கும் சோதனையில் குறிப்பானைவிடப் பெரிய ஓட்டை காரணியில் இருக்கிறது. முதிர்ந்த விஇஜிஎஃப்-சி, இரத்த நாளச் செல்லிலும் உள்ள விஇஜிஎஃப்ஆர்-2 ஏற்பியையும் பிடிக்கும். இரத்த நாளமும் தூண்டப்படும், கசியும். அந்தக் காரணியில் 156-வது இடத்துச் சிஸ்டைன் அமினோ அமிலத்தைச் செரினாக்கிய வடிவம் விஇஜிஎஃப்ஆர்-3-ஐ மட்டுமே தூண்டும். அந்த வடிவம் கொடுத்த ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனையை நான் ஏற்பதில்லை.

வெண்ணிணம்: இதில் மறுப்பில்லை. செல் வளர்ப்பிலும் அப்படியே: வழக்கமான எண்டோதீலியல் ஊடகத்தில் விஇஜிஎஃப்ஆர்-2-ஐத் தூண்டும் விஇஜிஎஃப்-ஏ இருக்கும், நிணநாளச் செல்லில் விஇஜிஎஃப்ஆர்-2 உண்டு. விஇஜிஎஃப்-ஏ நீக்கிய, சீரம் குறைத்த ஊடகத்தில் ஓர் இரவு வைத்த பிறகே 100 நானோகிராம்/மிலி விஇஜிஎஃப்-சி சேருங்கள். விஇஜிஎஃப்-சியின் முதிராத முன்னோடிப் புரதத்தை வாங்கினால், அதை வெட்டி முதிர்விக்க அடாம்ட்ஸ்3 நொதியும் அதன் துணைப் புரதமான சிசிபிஇ1-உம் வேண்டும். அவை இல்லாத வளர்ப்புத் தட்டில் விளைவு மங்கும்.