பேக்கரி பலகைக்கு மிஸ்ட்ரல் போடலாமா?

வரைகோடு: நண்பர் பேக்கரி திறக்கிறார். ஆங்கிலப் பெயர்ப்பலகை, மெனு கார்டு இரண்டுக்கும் மிஸ்ட்ரல் எழுத்துரு போட்டேன். கூட வேலை பார்ப்பவர் பழசு, மாற்று என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

கறுப்புமை: மாற்றுங்கள். கையால் எழுதிய மாதிரி தெரியணும் என்பதுதானே நோக்கம்? காபி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், இரண்டு எஃப்பும் அச்சு அசலாக ஒன்றே, இரண்டு ஈயும் ஒன்றே. எந்த மனுஷன் கை அப்படி எழுதும்? ஓப்பன்டைப் என்ற இப்போதைய எழுத்துருக் கோப்பு வகையில் வரும் கையெழுத்து எழுத்துரு பலவற்றில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் இருக்கிறது, பக்கத்தில் வரும் எழுத்தைப் பொறுத்து தானாக மாறிக்கொள்ளும்.

ஈயஅச்சு: பழசு என்பது ஒரு குறையா? பிரெஞ்சு எழுத்துரு வடிவமைப்பாளர் ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தையே வைத்து இதை வரைந்தார், மார்செய் நகரத்து ஒலிவ் அச்செழுத்து வார்ப்பகம் 1953 இல் வெளியிட்டது. அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் தனி உலோகத் துண்டு. எதற்குப் பக்கத்தில் எது வந்தாலும் கோடு அறுந்து தெரியக்கூடாது என்றால், எழுத்தின் வால் துண்டின் ஓரம்வரை ஓடி, அடுத்த எழுத்து தொடங்கும் உயரத்திலேயே முடிய வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ளும் எழுத்துகள் விறைத்து நிற்காமல் ஏறி இறங்கி ஓடுகின்றன பாருங்கள், அதைப் போய் சும்மா பழசு என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

கறுப்புமை: வேலைப்பாட்டை நானும் மதிக்கிறேன் நண்பரே. ஆனால் கடைக்கு வருகிறவர் பஃப்ஸ் என்ன விலை என்றுதான் பார்ப்பார். மிஸ்ட்ரலில் சின்ன எழுத்துகளின் உயரம் ரொம்பக் குறைவு, மெனுவில் பத்து புள்ளி (பாயின்ட்) அளவில் போட்டால் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும்.

ஈயஅச்சு: சரி, மெனுவுக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். அங்கே சாதாரண எழுத்துருவே போதும். பலகை வேறு விஷயம். நான்கைந்து எழுத்தைப் பெரிதாகப் போடும்போதுதான் அந்தத் தூரிகை இழுப்பு தெரியும். டிரைவ் என்ற ஹாலிவுட் படம் 2011 இல் வந்தது, தலைப்பு மிஸ்ட்ரலில், இளஞ்சிவப்பில். யாரும் பழசு என்று சொல்லவில்லையே.

வரைகோடு: பலகையில் பெயர் முழுக்க கேபிடல் எழுத்தில் போடலாமா? நண்பர் அப்படித்தான் கேட்கிறார்.

ஈயஅச்சு: ஐயோ, வேண்டாம். சின்ன எழுத்துகள் கோத்துக்கொண்டு ஓடத்தான் இதை வரைந்ததே. கேபிடல்கள் ஒன்றோடொன்று சேராது, தனித்தனியாக நிற்கும். முதல் எழுத்து மட்டும் கேபிடல் போதும். எழுத்து இடைவெளியையும் கூட்டாதீர்கள், இணைப்பெல்லாம் அறுந்துவிடும்.

கறுப்புமை: இவ்வளவு பத்தியம் இருந்து எதற்கு அதைப் போடணும்? பலகை எழுதும் ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டுப் பெயரை எழுதச் சொல்லுங்கள். கைவேலை வேண்டுமென்றால் அதற்கான கூலியைக் கைக்கே கொடுப்போம்.

ஈயஅச்சு: கூப்பிடுங்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாளைக்குக் கேக் பெட்டியில் புது வரி ஒன்று சேர்க்கணும் என்றால் மறுபடி அவரைத் தேடிப் போகணும். எழுத்துரு இருந்தால் ராத்திரியே அடித்துக்கொள்ளலாம்.

கறுப்புமை: பெயர் மாறப்போவதில்லையே. அவர் எழுதியதை ஒருமுறை ஸ்கேன் செய்து வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப் படமாக, வைத்துக்கொண்டால் பெட்டி, கவர், பில் எல்லாவற்றுக்கும் ஆச்சு. மற்ற வரிகள் மெனுவின் எழுத்துருவிலேயே வரட்டும்.