ஸ்டீம் கேப்ஸ்யூல் படம்: பார்ப்பவர்கள் நிறைய, கிளிக் செய்பவர்கள் இல்லை. என்ன தப்பு?

கடலடி_தேவ்:
வணக்கம். இரண்டு வருடமாகத் தனியாளாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன், பெயர் 'மூழ்கி'. கடலுக்கடியில் கிடக்கும் சரக்குக் கப்பலுக்குள் இறங்கி, ஆக்ஸிஜன் தீர்வதற்குள் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும், அதை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கப்பலின் உள்ளமைப்பு மாறும்.

கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இதற்குப் பக்கம் திறந்து மூன்று மாதம் ஆகிறது. டிராஃபிக் ரிப்போர்ட்டைப் பார்த்தால் படம் நிறையப் பேர் கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் உள்ளே வருபவர்கள் சொற்பம். வந்தவர்கள் ஓரளவு விஷ்லிஸ்டில் (பிறகு வாங்க நினைப்பவற்றின் பட்டியலில்) போடுகிறார்கள், அதனால் டிரெய்லரில் கோளாறு இல்லை, கேப்ஸ்யூல் படத்தில்தான், அதாவது கடைப் பட்டியலில் கேமுக்கு அட்டைபோல வரும் படத்தில்தான், ஏதோ இடிக்கிறது என்று தோன்றுகிறது. படம் இப்படி: நீலப்பச்சைக் கடல், மேலிருந்து இறங்கும் ஒளிக்கீற்று, சாய்ந்து கிடக்கும் பெரிய கப்பல், அதன் முன்னால் சின்னதாக ஒரு டைவர். 'இகோ' கேமின் ஜப்பானிய அட்டைப்படத்தை மனதில் வைத்துச் செய்தது. மேலே தமிழில் பெயர், அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் அதே பெயர். பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்கிறார்கள். பிறகு ஏன் யாரும் தொடுவதில்லை?

பிக்சல்பாண்டி:
அழகு என்று சொன்னவர்கள் எல்லோரும் உங்கள் மானிட்டரில் முழுத்திரையில் பார்த்தவர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். ஸ்டீமில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. சின்ன கேப்ஸ்யூலை நீங்கள் 462க்கு 174 அளவில் ஏற்றுகிறீர்கள், அதிலிருந்து ஸ்டீமே 184க்கு 69, 120க்கு 45 என்று இன்னும் இரண்டு குட்டிப் படங்களை உருவாக்கிக்கொள்கிறது. உங்கள் டைவர் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இருப்பார் என்று வையுங்கள். 45 பிக்சலில் அவர் நாலரை பிக்சல். அது டைவரா, தூசியா என்று அவரைப் பெற்றவளுக்கே தெரியாது.

இகோவைச் சொன்னீர்கள். அந்தப் படத்தைக் கேமின் இயக்குநர் உவேடாவே வரைந்தார், இத்தாலிய ஓவியர் டி கிரிகோவின் படைப்புகளின் பாதிப்பில். வெட்டவெளி, நீண்ட நிழல், ஓடும் இரண்டு சின்ன உருவங்கள், எனக்கும் உயிர்தான். ஆனால் அது 2001-ல் கடை அலமாரியில் இருந்து எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்த பெட்டி. அதை 120 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள், மஞ்சள் தீற்றல்தான் மிஞ்சும்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டீமில் உங்கள் வகைக் கேம்களைத் தேடி, அந்தப் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நடுவில் ஒன்றின் மேல் உங்கள் படத்தை ஒட்டி, கைபேசிக்கு அனுப்பிக் கையை நீட்டிப் பாருங்கள். அப்புறம் அதையே கறுப்பு வெள்ளையாக்குங்கள். 'ஹாலோ நைட்' கேமின் படத்தை அப்படிச் செய்தாலும் இருட்டில் ஒரு வெள்ளை முகமூடி, இரண்டு கொம்பு, கரிய கண்குழி என்று பளிச்சென்று நிற்கும். உங்களுடையதில் கடலும் கப்பலும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும் என்று நினைக்கிறேன், செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

சுவரெழுத்து:
லோகோ பற்றி மட்டும் சொல்கிறேன், என் பிழைப்பு எழுத்துரு சம்பந்தப்பட்டது. இரண்டு எழுத்து வடிவத்தையும் ஒரே குட்டிப் படத்துக்குள் திணித்தால் இரண்டுமே போய்விடும். 'மூழ்கி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மூவின் கீழ்ச்சுழி, ழ-வின் வால், அதன் தலையில் புள்ளி, கி-யின் கொக்கி என்று மேலேயும் கீழேயும் இடம் கேட்கும் எழுத்துகள். 45 பிக்சல் உயரத்தில் பாதியை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் புள்ளிக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் அதிகம், சுழிகளெல்லாம் அடைத்துக்கொண்டு கறையாகிவிடும். புள்ளி போனால் 'மூழகி'. அதற்குப் பெயரைப் போடாமலே இருக்கலாம்.

சின்ன கேப்ஸ்யூலில் ஒரே எழுத்து வடிவம், ஒரே சொல், கிட்டத்தட்ட முழு அகலத்துக்கும். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் உலகம் முழுக்க விற்கப் போகிறீர்கள் என்றால் அங்கே ஆங்கில எழுத்து இருக்கட்டும். தமிழை 1232க்கு 706 உள்ள பெரிய கேப்ஸ்யூலில் கொண்டுவாருங்கள், அங்கே மூச்சுவிட இடம் உண்டு. அப்புறம், மெல்லிய கோட்டு ஃபாண்ட் வேண்டவே வேண்டாம், ஒளிக்கீற்று போகும் இடத்தில் வெள்ளை எழுத்தை வைப்பதும் வேண்டாம் (வைத்திருப்பீர்கள், எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள்).

ராத்திரிக்கடை:
அளவும் எழுத்தும் சரிதான், ஆனால் பெரிய பிரச்சினை வேறு என்பது என் கருத்து. நீங்கள் விவரித்த படத்தைக் கேட்டதும் எனக்கு வந்த எண்ணம்: மீன் பார்த்துக்கொண்டு நிதானமாக நீந்தும் அமைதியான கேம். உங்கள் கேமோ கடன்காரன் துரத்த, மூச்சு தீரத் தீர இருட்டில் துழாவும் கேம். பதற்றத்தை விரும்பும் ஆள் இந்தப் படத்தைக் கடந்து போய்விடுவான், அமைதி தேடி வருபவன் ஏமாந்து போவான். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அவன் கேட்கத்தான் செய்வான். கேப்ஸ்யூல் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், கேமில் கை என்ன செய்கிறது என்று படம் சொல்கிறதா என்று பாருங்கள்.

எனக்கும் இது நடந்தது. என் முதல் கேம் கார்டு விளையாட்டு, ஆனால் கேப்ஸ்யூலில் வாளோடு நிற்கும் பெண்ணைப் போட்டேன். சண்டை கேம் என்று நினைத்து வந்தவர்கள் விமர்சனத்தில் என்னைத் துவைத்து எடுத்தார்கள். கேம் மோசம் என்று யாரும் எழுதவில்லை, 'இது கார்டு கேமா?' என்றுதான் எழுதினார்கள். அதுதான் வலித்தது.

கடலடி_தேவ்:
கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். பாண்டி சொன்னது அப்படியே. கப்பலே காணோம். எழுத்தும் ஒளிக்கீற்றின் மேல்தான் இருக்கிறது, சுவரெழுத்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை.

ஆனால் ராத்திரிக்கடை சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. எல்லோரும் அவரவர் ஜானருக்கு (கேம் வகைக்கு) உரிய படத்தையே போட்டால் எல்லாப் படமும் ஒரே மாதிரி ஆகிவிடாதா? ஒரு பெரிய முகம், ஒரு கத்தல், பின்னால் தீ. அதற்கா இத்தனை நாள் வரைந்தேன்? இன்னொரு கேள்வி, கேப்ஸ்யூல் மேலே 'டெமோ உண்டு' என்று எழுதலாமா?

பிக்சல்பாண்டி:
எழுத முடியாது. 2022 செப்டம்பர் 1 முதல் விதி வந்துவிட்டது: கேமின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வ உபதலைப்பு, இவ்வளவுதான் இருக்கலாம். விருது, மதிப்பெண், தள்ளுபடி என எதுவும் கூடாது. எனக்கு அது நல்ல விதியாகத்தான் தெரிகிறது, அதற்கு முன்னால் பட்டியல் முழுக்கத் திருவிழாக் கடைத்தெரு மாதிரி இருந்தது.

பழைய ஓவியத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய கேம்கள் இருக்கும் லைப்ரரியில், கேமின் பக்கத்தில் மேலே வர, லைப்ரரி ஹீரோ என்று 3840க்கு 1240 அளவில் அகலமான படம் ஒன்று கேட்பார்கள், அதில் எழுத்தே இருக்கக் கூடாது. உங்கள் கடலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. புதிதாக வரைவதை லேயர் லேயராக, எழுத்தையும் உருவத்தையும் தனித்தனியாக நகர்த்தும்படி வையுங்கள். கடைப் பக்கத்தின் மேலே வரும் ஹெடர் 920க்கு 430, நிமிர்ந்த கேப்ஸ்யூல் 748க்கு 896, லைப்ரரிப் படம் 600க்கு 900. ஒரே படத்தை வெட்டி வெட்டிப் போட்டால் எதிலாவது தலை போய்விடும்.

ராத்திரிக்கடை:
முகமும் தீயும் போடச் சொல்லவில்லை தேவ். உங்கள் கேமில் மட்டும் இருப்பது எது? டைவர் எல்லாக் கடல் கேமிலும் இருக்கிறார். ஆக்ஸிஜன் மீட்டர்? நீங்கள் போட்ட டிரெய்லரில் ஊசி சிவப்புக்குப் போகும்போது கண்ணாடியில் ஆவி படரும் இடம் ஒன்று வந்தது, நான் அங்கே நிறுத்தித் திரும்பப் பார்த்தேன். அதையே போடலாமே. பித்தளை ஹெல்மெட் படம் முழுக்க, கண்ணாடிக்குள் பாதி முகம், அதன் மேல் அந்தச் சிவப்பு ஊசியின் பிரதிபலிப்பு.

கடலடி_தேவ்:
நான்கு நாள் கழித்து வருகிறேன். ஹெல்மெட் யோசனையை வைத்து மூன்று கரட்டு ஓவியம் போட்டேன், சட்டத்தை நிறைத்த ஹெல்மெட், பின்னால் கிட்டத்தட்ட கறுப்பு, வலது பக்கம் ஆங்கில எழுத்தில் தடியாகப் பெயர். 120 பிக்சலுக்குச் சுருக்கி, பட்டியலில் ஒட்டி, ஒன்றும் சொல்லாமல் தங்கையின் கைபேசிக்கு அனுப்பினேன். அவள் கேம் விளையாடுபவள் இல்லை. 'நடுவில் இருக்கிற ஆளுக்கு மூச்சு முட்டுதா?' என்று பதில் வந்தது. பழைய படத்தைப் பார்த்து 'ஸ்க்ரீன்சேவரா?' என்று கேட்டவள் அவள்தான்.

கறுப்பு வெள்ளையிலும் ஹெல்மெட் தெரிகிறது. சிவப்பு ஊசி மட்டும் தெரியவில்லை.

சுவரெழுத்து:
சிவப்பு கறுப்பு வெள்ளையில் அப்படித்தான், பக்கத்தில் இருக்கும் நிறத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஊசியை இரண்டு மடங்கு தடியாக்கி, அதற்குப் பின்னால் மீட்டரின் முகப்பை வெளிர் மஞ்சளாக்குங்கள். மாற்றியதும் இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.