6205 பேரிங்கும் 6205 சி3 பேரிங்கும் ஒன்றுதானா? கடையில் ஒன்றுதான் என்கிறார்கள்

லாஸ்பேட்டை_டூஸ்ட்ரோக்:
பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். கிராங்கில் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இருந்து கழற்றிய பேரிங்கில் 6205 சி3 என்று இருக்கிறது. கடையில் வெறும் 6205-ஐக் கொடுத்து, அளவு ஒன்றுதான், தாராளமாகப் போடுங்கள் என்கிறார்கள். அளந்தேன்: உள்ளே 25 எம்எம், வெளியே 52, அகலம் 15. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. போடலாமா?

முதுநகர்_பட்டறை:
போடுங்க தம்பி. கடலூர்ப் பக்கம் சாதா பேரிங் போட்டு எத்தனையோ வண்டி ஓடுகிறது. எண்ணைவிட அளக்கிற வெர்னியர் கருவியை நம்புங்கள். இந்த உப்புக்காற்றில் எண் பாதி துருவில் போய்விடும், அப்புறம் 6304-ம் வெளியே 52, அகலம் 15-தான், உள்ளே மட்டும் 20. தவிர, கழற்றியதில் இருக்கிற எண் கம்பெனி போட்டதா, நடுவில் யாரோ கைக்குக் கிடைத்ததை மாட்டியதா, யாருக்குத் தெரியும்?

வில்லியனூர்_பிஎஸ்ஏ:
அண்ணே, அளக்கச் சொன்னது சரி. பழைய பிஎஸ்ஏ, ட்ரையம்ப் வண்டிகளில் அங்குல அளவு பேரிங்கும் வரும், 1 அங்குலம் என்றால் 25.4 எம்எம், வெர்னியர் இல்லாமல் கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் சி3 எந்த வெர்னியரிலும் தெரியாது. அது குண்டுக்கும், அது உருளுகிற ரேஸ் என்ற வளையத்துக்கும் நடுவில் விட்டிருக்கிற இடைவெளி. 25 எம்எம் பேரிங்கில் சாதாவுக்கு 5 முதல் 20 மைக்ரான் (எம்எம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சி3-க்கு 13 முதல் 28. ஷாஃப்டில் டைட்டாக ஏற்றும்போது உள் ரேஸ் விரிகிறது, இன்ஜின் கேசிங்கில் (வெளிக்கூடு) டைட்டாக உட்காரும்போது வெளி ரேஸ் சுருங்குகிறது, ஓட ஆரம்பித்ததும் உள் ரேஸ்தான் அதிகம் சூடாகி இன்னும் விரிகிறது, இப்படி மூன்று பக்கமும் அந்த இடைவெளியைத் தின்கிறது. சாதாவில் 5 மைக்ரான் மட்டும் இருக்கிற பேரிங் மாட்டினால் மிச்சம் என்ன இருக்கும்?

முதுநகர்_பட்டறை:
அப்படியென்றால் இத்தனை வண்டி எப்படி ஓடுகிறது?

வில்லியனூர்_பிஎஸ்ஏ:
ஷாஃப்ட் தேய்ந்து பிடிப்பு தளர்ந்த வண்டியில் உள் ரேஸ் விரிவதே இல்லை, அதனால் சாதா பேரிங் தப்பித்துவிடுகிறது. தம்பி கிராங்கை ரீபில்ட் செய்து ஷாஃப்ட் புதிதாகப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

லாஸ்பேட்டை_டூஸ்ட்ரோக்:
ஆமாம், இரண்டு பக்க ஷாஃப்டும் புதுசு.

முதுநகர்_பட்டறை:
புது ஷாஃப்ட் என்றால் சி3 போடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் வீல் பேரிங்குக்கும் சி3 தேடி அலைய வேண்டாம், அங்கே அந்தச் சூடு கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற ஊர் நம்முடையது, வீலுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் பார்த்து வாங்குங்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டியின் கிராங்குக்கு மட்டும் அந்தச் சீல் வேண்டாம், கலந்த ஆயில்தான் குண்டுக்குள் போயாக வேண்டும்.

லாஸ்பேட்டை_டூஸ்ட்ரோக்:
சரிங்க அண்ணே, சாதாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சி3 ஆர்டர் சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூர்_பிஎஸ்ஏ:
வந்ததும் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். கேசிங்கைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 52 எம்எம் துளை கிட்டத்தட்ட 0.1 எம்எம் விரியும், பேரிங் தானாக உள்ளே இறங்கும். அதற்கு முன்னால் அந்தப் புது ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்து அளவை இங்கே போடுங்கள். 25-க்குக் கீழே கடைந்திருந்தால் சி3 போட்டாலும் உள் ரேஸ் ஷாஃப்டைப் பிடிக்காமல் அதன் மேல் வழுக்கிச் சுழலும்.