கோகோ விலையைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

வணக்கம் நண்பர்களே. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உலகச் சந்தையும் ஏற்றத்தாழ்வும் பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். கோகோவை உதாரணமாக எடுத்திருக்கிறேன். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவது ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும்தான். 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது, அதாவது கிலோ 12 டாலருக்கு மேல். அந்தப் பருவத்துக்கு ஐவரி கோஸ்ட் அரசு விவசாயிக்கு வைத்த விலையோ கிலோவுக்கு 1,800 பிராங்க், அதாவது சுமார் 3 டாலர். நாலில் ஒரு பங்கு!

அறுவடைக்கு முன்பே பெரும்பகுதியை அரசு அப்போதைய விலைக்கு விற்றுவிடுவதால் இப்படி ஆகிறது என்பது வரை புரிகிறது. (விலை சரிந்தால் அதுவே பாதுகாப்பாம், சரி.) ஆனால் இந்த முன்பேர வர்த்தகத்தை, அதாவது பின்னால் தரப்போகும் சரக்குக்கு இப்போதே விலை பேசி முடிப்பதை, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? ஈரோட்டு மஞ்சள் வியாபாரத்தை வைத்து விளக்கலாமா? கமாடிட்டி சந்தை தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன். வியாழக்கிழமை வகுப்பு.