வேறு ஊர் நல்ல நடைமுறையை எடுத்துவந்தபோது எங்கே இடித்தது? (அனுபவப் பகிர்வு)

தராசுத்தட்டு:
பிரான்ஸின் மூவான்-சார்த்தூ என்ற சிறு நகரம். 2012 முதல் பள்ளிச் சாப்பாடு முழுக்க இயற்கை விளைபொருளில்தான். நகரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் அர்பாக்ட் (URBACT) திட்டத்தின் வலையமைப்பு வழியாகப் பல நகரங்கள் போய்ப் பார்த்துவந்த இடம். போகிறவர்கள் எல்லாரும் நகராட்சிப் பண்ணையைத்தான் படம் பிடிக்கிறார்கள். பார்க்கவேண்டியது சாப்பாட்டு அறை. பிள்ளைகள் தட்டில் விட்டுப்போனதை ஒவ்வொரு வேளையும் எடைபோடுகிறார்கள். எந்த உணவு மிஞ்சுகிறது என்று தெரிந்ததும் அதன் அளவைக் குறைக்கிறார்கள். 'சின்னப் பசி, பெரிய பசி' என்று பரிமாறுவதும் அதற்காகத்தான். வீணாவது சுமார் 80% குறைந்தது. விலை கூடிய காய்கறிக்கான காசு அதிலிருந்துதான் வந்தது. பண்ணையை மட்டும் நகலெடுத்த ஊருக்குச் செலவுதான் மிச்சம்.

கோப்பு_எண்_29:
தராசு சரி, சமையலறைக்கு யார் காசு தருவார்? அர்பாக்ட் தருவது கூடிப் பேச, நிபுணர் வர, உள்ளூர்க் குழு நடத்த, செயல்திட்டம் எழுத. கட்டடம் கட்ட அல்ல. அதற்கு ஐரோப்பிய பிராந்திய வளர்ச்சி நிதியிடம்தான் போகவேண்டும். 2021-27 காலத்தில் ஒவ்வொரு நாடும் அதில் குறைந்தது 8% நிலைத்த நகர வளர்ச்சிக்கு ஒதுக்கவேண்டும். ஆனால் செயல்திட்டத்தை அப்படியே கொண்டுபோய் நீட்டினால் எடுபடாது. எந்தப் பகுதி, அங்கே என்ன தேவை, துறைகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும், யாரையெல்லாம் கலந்தீர்கள் என்ற நான்கும் அந்தப் பகுதிக்கென எழுதும் வளர்ச்சி உத்தியில் இருக்கவேண்டும். இன்னொரு பொறி: விண்ணப்பம் போடுமுன்பே வேலையை முடித்துவிட்டால் அந்த வேலைக்குப் பைசா கிடையாது. அவசரப்பட்டு அடுப்பை மாட்டிவிடும் நகரங்கள் இங்கேதான் விழுகின்றன.

மணிக்கணக்கு:
அடுப்பை விடுங்கள், திட்ட ஊழியர் சம்பளத்தைக் கணக்குக் காட்டுவதுதான் கழுத்தைப் பிடிக்கும். ஆண்டுச் சம்பளச் செலவை 1720ஆல் (விதி வைத்திருக்கும் ஆண்டு வேலை மணிநேரம்) வகுத்தால் மணிநேர விகிதம். 43,000 யூரோ என்றால் மணிக்கு 25. ஆடிட்டர் டைம்ஷீட்டை (வேலை நேரப்பதிவை) புரட்டிக்கொண்டே வருகிறார், ஆகஸ்ட் வரியில் விரல் நிற்கிறது: விடுமுறைக்கும் எட்டெட்டு மணி! 1720 என்பதே விடுப்பைக் கழித்து வைத்த எண். விடுப்பை மறுபடி ஏற்றினால் ஒரே நாளுக்கு இரண்டு முறை காசு கேட்டதாகிவிடும். ஒருவர் பேரில் ஆண்டுக்கு 1720க்கு மேல் காட்டவும் முடியாது.

கோப்பு_எண்_29:
டைம்ஷீட்டே எதற்கு? பகுதிநேரமாகத் திட்டத்தில் இருப்பவருக்கு 'மாதம் இத்தனை சதவீதம்' என்று வேலை கொடுப்பவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், தனி நேரப்பதிவு வேண்டாம் என்று ஐரோப்பிய நிதிகளுக்கான பொது விதிமுறையின் 55ஆம் பிரிவே சொல்கிறது. நிதியைப் பிரித்துக் கொடுக்கும் பல நிர்வாக ஆணையங்கள் பழக்கதோஷத்தில் இன்னும் கேட்கின்றன, அதுதான் எரிச்சல்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். கட்டடமோ கருவியோ வாங்கும் திட்டத்தின் மொத்தச் செலவு 5,00,000 யூரோவைத் தாண்டினால், ஐரோப்பிய நிதி என்று காட்டும் நிலையான பலகையை வேலை தொடங்கியதுமே வையுங்கள். தாண்டாவிட்டால் ஏ3 அளவுச் சுவரொட்டி ஒன்றாவது வேண்டும், அதுவும் பொதுமக்கள் கண்ணில் படுகிற இடத்தில். கணக்கர் அறையின் உள்பக்கக் கதவில் ஒட்டினால் அது ஒட்டாத கணக்குதான். திருத்தச் சொல்லியும் திருத்தாவிட்டால் உதவித்தொகையில் 3% வரை வெட்டலாம். 4,00,000 யூரோ வாங்கியிருந்தால் 12,000 போச்சு. மொத்தச் செலவு 50 லட்சம் யூரோவுக்குக் கீழே இருக்கும்வரை வாட் வரியையும் செலவில் காட்டலாம். இது தெரியாமல் வரியைத் தன் பங்காகவே கட்டிவிட்டுத் தவிக்கிற ஊர்கள் உண்டு. ரசீதுகளைக் கடைசித் தவணை வந்த ஆண்டின் டிசம்பர் 31இலிருந்து ஐந்து வருடம் வைத்திருங்கள். திட்டத்துக்கென்று சேர்ந்த ஒப்பந்த ஊழியர் போகும்போது கோப்புகளின் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும், அதையும் கவனியுங்கள்.

தராசுத்தட்டு:
சுவரொட்டி இருக்கட்டும். புது மெனு தொடங்குமுன் பழைய மெனுவில் இரண்டு வாரமாவது எடைபோட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். அந்தத் தொடக்க எண் இல்லாவிட்டால், பிறகு எவ்வளவு குறைத்தாலும் அறிக்கையின் 'முன்பு' கட்டம் காலியாகவே இருக்கும்.