முதல் லெவலிலேயே செத்தவர்கள் சங்கம்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

கொக்குவில்காரன்:
பகடை உருட்டிக் கதை ஆடுகிற நம் ஆட்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. பாத்திரம் தொடக்கத்திலேயே பலசாலியாக இருக்க வேண்டுமா, நோஞ்சானாகத் தொடங்கி வளர வேண்டுமா? தத்துவம் வேண்டாம், மேசையில் நடந்ததைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

சித்தப்பாவின் மகள் முதன்முறையாக எங்களோடு ஆட வந்தாள். ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014ஆம் ஆண்டு விதிகள். மந்திரவாதிதான் வேண்டும் என்றாள். பாத்திரத்தின் பெயர், ஊர், தாயோடு இருந்த கோபம் எல்லாவற்றையும் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு, எட்டு. காட்டுப் பாதையில் பதுங்கியிருந்த கோப்ளின்கள் என்கிற குட்டிப் பூதங்கள் அம்பு விட்டன. முதல் அம்பு ஐந்தைக் கொண்டுபோனது. அடுத்ததற்கு இருபது முகப் பகடையில் உச்ச எண்ணான 20 விழுந்தது. சேதப் பகடை இரண்டாகிவிட, மொத்தம் 13. மீதியிருந்த மூன்றும் போய், மேலதிகமாகப் பத்து. அந்த மேலதிகம் பாத்திரத்தின் முழு உயிர்ப்புள்ளியை எட்டிவிட்டால், மரணத்தோடு போராடும் பகடைகூடக் கிடையாது. அந்த இடத்திலேயே கதை முடிந்தது. அவள் ஒரு மந்திரம்கூடச் சொல்லியிருக்கவில்லை. "அண்ணா, இனி நான் என்ன செய்வது?" என்று கேட்டாள். மிச்ச நேரம் முழுவதும் ரோல் சாப்பிட்டபடி எங்களை வேடிக்கை பார்த்தாள்.

இதைக் கடினமான ஆட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் தீர்மானிக்க அங்கே எதுவுமே இருக்கவில்லை.

தென்மராட்சியான்:
தம்பி, அந்தப் பழியை லெவலின் தலையில் போடாதீர்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் காட்சியே பதுங்கித் தாக்குதல் என்று வைத்தவரைக் கேளுங்கள்.

நாங்கள் ஆடுவது அதே ஆட்டத்துக்கு 1981இல் வந்த பேசிக் விதிகள். அதில் மந்திரவாதிக்கு நாலு முகப் பகடை ஒன்றுதான் உயிர்ப்புள்ளி. ஒன்று விழுந்தால் ஒன்றுதான். நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். கேட்கப் பரிதாபமாக இருக்கிறதா? அந்த ஒன்று உறக்க மந்திரமாக இருந்தால், தப்பிக்கும் பகடைக்கு இடமே கொடுக்காமல் ஓர் அறை நிறையக் கோப்ளின்களைக் கிடத்திவிடும். அதை எப்போது செலவழிப்பது என்பதுதான் முழு ஆட்டமும்.

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றுக்கு அடியில் சுரங்கம் இருப்பதாக வைத்து ஆடினோம். என் திருடனுக்கு உயிர்ப்புள்ளி இரண்டு. வளைவில் கோப்ளின் கூட்டம் எதிர்ப்பட்டது. அந்த விதிகளில் எதிரி உடனே பாய வேண்டும் என்றில்லை. இரண்டு பகடை உருட்டி அதன் மனநிலையைப் பார்ப்பார்கள். நல்ல எண் விழுந்தது. வெற்றிலையும் புகையிலையும் கொடுத்து வழி கேட்டோம். அவர்களுடைய தலைவனைப் பிடிக்காத ஒருவன் பொக்கிஷ அறையையே காட்டிவிட்டான். அனுபவப் புள்ளியில் பெரும்பங்கு பொக்கிஷத்துக்கே என்பதால், வாளை உருவாமலே லெவல் ஏறினோம். அந்தத் திருடன் அடுத்த வாரம் பொறியில் விழுந்து செத்தான், அது வேறு கதை. புதிய ஆள் தயாராக ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதும். கொப்பி நிறையக் கதை எழுதி வந்தால்தான் சாவு வலிக்கும்.

நல்லூராள்:
நான் ஆட்டம் நடத்துகிறவள். புலம்பலே வேண்டாம் என்று எல்லோரையும் ஐந்தாம் லெவலில் தொடங்க வைத்தேன். மந்திரவாதி இல்லாத குழு. மூவரும் அடியில் சூரர்கள். சதுப்பு நிலத்தில் டிரோல் என்கிற ஓர் அரக்கன். அதற்கு 84 உயிர்ப்புள்ளி, ஒவ்வொரு சுற்றிலும் பத்து திரும்ப வளரும்; நெருப்போ அமிலமோ பட்டால் மட்டுமே அந்தச் சுற்றில் வளராது. ஊர்க்காரர் இரவு முழுவதும் வீட்டைச் சுற்றித் தீ மூட்டி வைத்திருப்பதை இரண்டு முறை வர்ணித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. வெட்டினார்கள், விழுத்தினார்கள், அது எழுந்தது. மறுபடி விழுத்தினார்கள், மறுபடி எழுந்தது. இருவர் நினைவிழந்து கிடந்தார்கள்.

கடைசியில் எங்கள் கூட்டத்தின் கடைக்குட்டி, "அக்கா, கையில் இருக்கிற தீப்பந்தத்தால் அடிக்கலாமா?" என்றான். தீப்பந்தத்தின் நெருப்புச் சேதம் வெறும் ஒன்று. அந்த ஒன்று போதுமாக இருந்தது. அவனுடைய வாள், கவசம், ஐந்து லெவல் எதுவும் அந்த இரவு உதவவில்லை.

ஆகவே அண்ணை சொல்வதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பலவீனம் மட்டும்தான் யோசிக்க வைக்கும் என்பது பழைய ஆட்களின் பெருமைப் பேச்சு.

வடமராட்சி:
கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டம் ஆடுகிற எங்களுக்கு இந்தச் சண்டையே இல்லை. முதல் நாள் இருந்த உயிர்ப்புள்ளிதான் கடைசி நாளும். 1920களில் காங்கேசன்துறை ரயிலில் நடப்பதாக ஒரு கதை ஆடினோம். துப்பாக்கி வைத்திருந்தவர் முதலில் செத்தார். கதவைப் பூட்டிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடிய பள்ளி ஆசிரியர் பிழைத்தார்.

கொக்குவில்காரன்:
நல்லூர் அக்காவின் டிரோலை நான் கடன் வாங்கப் போகிறேன்.

தங்கச்சியை எப்படித் திரும்ப அழைத்து வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் லெவலில் தொடங்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் எதிர்த்திசையில் போனேன். 2012இல் வந்த டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் என்ற ஆட்டத்தில் புனல் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு முதல் நான்கு சாதாரண ஊர்ச்சனங்கள், லெவல் பூச்சியம், நாலு முகப் பகடையில் உயிர்ப்புள்ளி. குகைக்குள் அனுப்பினால் பாதிக்கு மேல் சாகும். மிஞ்சுபவர்தான் உங்கள் நாயகன். தொழில் அட்டவணையை நாங்களே யாழ்ப்பாணத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதினோம்: சுருட்டுச் சுற்றுபவர், புகையிலைத் தோட்டக்காரர், நண்டுக்கூடு வைக்கும் மீனவர், மரமேறிக் கள் இறக்கும் சீவல் தொழிலாளி, கோயில் மேளகாரர். அவளுக்கு மேளகாரர் முதலில் போனார், மீனவர் அடுத்தது. இரண்டுக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். மிஞ்சியவர் சீவல் தொழிலாளி. இம்முறை ஒரு வரிகூட எழுதி வரவில்லை. குகைக்குள் நடந்ததே அவருடைய வரலாறு ஆகிவிட்டது.

தென்மராட்சியான்:
அட்டவணையை இங்கே போடுங்கள் தம்பி. சீவல் தொழிலாளியின் பாளைக்கத்திக்கு எவ்வளவு சேதம் வைத்தீர்கள்?

கொக்குவில்காரன்:
குத்துவாளுக்கு உள்ளதுதான், நாலு முகப் பகடை. ஆனால் ஏற வேண்டிய இடமென்றால் தொழில் தெரிந்தவர் என்பதால் அவருக்கு இருபது முகப் பகடை, மற்றவர்களுக்குப் பத்து முகம். அட்டவணை இன்றிரவு, மின்சாரம் இருந்தால்.